சாமிக்குக் கொடுத்தது

சென்னை
10-1-1983

அன்புள்ள அத்தைக்குத் தேவகி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனி நேரத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றாதீர்கள், ஒரு கோணியாவது போட்டுக்கொள்ளுங்கள். இங்கே தையல் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. அதனால் பொங்கலுக்கு வர முடியாது.

முதலில் ஒரு சிரிப்புச் சேதி. ஆபரேஷனில் இடது மார்பை எடுத்த பிறகு ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள நூல் மூட்டை ஒன்று தைத்துக் கொடுத்தீர்களே, கனத்துக்கு உள்ளே கேழ்வரகு போட்டு. போன மாத மழையில் அது தொப்பலாக நனைந்துவிட்டது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று விடுதியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துக் காயவைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தால் கேழ்வரகு முளைத்திருக்கிறது! துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய் முளை. பக்கத்துக் கட்டில் வள்ளிநாயகி பார்த்துவிட்டு, "இன்னாடி தேவகி, மார்ல நாத்து வுட்டுகினு கீறே, அறுப்பு எப்போ?" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம் மூட்டை இல்லாமல் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மிஷினில் குனிந்து நிமிர்ந்ததில் அது நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அத்தை, ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா சொன்னார், இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, நோய் திரும்பிய அடையாளம் இல்லை என்று. எடுத்த இடத்தில் புதிதாக மார்பு வைக்கிற டாக்டர் ஒருவர் இப்போது அங்கே இருக்கிறாராம். முதுகிலிருந்து கொஞ்சம் தோலும் சதையும் முன்னால் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே மெத்தென்று ஒரு பை வைத்துத் தைத்துவிடுவாராம். "யோசிச்சு சொல்லுமா" என்றார் டாக்டரம்மா.

யோசித்தேன். செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. கூட இருக்க வீட்டுப் பெண் ஒருத்தி வரவேண்டும் என்கிறார்கள். எனக்கு அம்மா இல்லை, நைனா இல்லை. உங்கள் பிள்ளை, என் மாமா, அவரும் போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. நைனாவின் தங்கை என்றும் மாமியார் என்றும் எனக்கு மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருத்திதான். உங்கள் வார்த்தை வந்தால்தான் டாக்டரிடம் போவேன்.

உங்கள் காலைத் தொட்டு,
தேவகி

*

திருத்தணி
4-2-1983

தேவகிக் கண்ணுக்கு அத்தை கௌரியம்மாள்.

முருகன் புண்ணியத்தில் கைகால் ஆடிக்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதிச் சோற்றில் சோடா உப்புப் போடுவார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள். மோர் ஊற்றிச் சாப்பிடு.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. மை இல்லை என்று சொன்னால் பொய். மை இருந்தது. மூணாங்கிளாஸ் படித்தவளுக்கு இதற்கெல்லாம் பதில் எழுத வார்த்தை ஏது. இங்கே கரண்ட்டு பாதி நாள் இல்லை. தறிகள் நிற்கின்றன. தறி நின்றால் எனக்குத் தார் சுற்ற நூல் வராது. பக்கத்தில் அம்மையார்குப்பம் தறிகளிலும் இதே கதைதான் என்று சொல்கிறார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வேண்டாம் அம்மா. உசிர் திரும்பி வந்ததே பெரிசு. அந்த உடம்பில் மறுபடி கத்தி எதற்கு? மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது யாருக்காக? கட்டினவன் இருந்தால் அது ஒரு பேச்சு. அவன்தான் போய்ச் சேர்ந்துவிட்டானே. தாலி இறங்கின கழுத்துக்குக் கீழே இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள்? ஊரில் காது மூக்கு வைத்துப் பேசுவார்கள்.

மூட்டை வேறே தைத்து அனுப்புகிறேன். கேழ்வரகு வேண்டாம், புளியங்கொட்டை போடுகிறேன். அது லேசில் முளைக்காது.

மஞ்சள் தேய்த்துக் குளி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை

*

சென்னை
19-2-1983

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு ஒன்றும் இல்லை.

புது மூட்டை வேண்டாம். பழையதையே கழுவி, வேறு தானியம் போட்டு வைத்திருக்கிறேன்.

யாருக்காக என்று கேட்டீர்கள். எனக்காக. இதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. காலையில் குளிக்கப் போனால் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். விடுதிக் குளியலறையில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இருக்கிறது. என் உடம்பை எனக்கே காட்டாமல் எத்தனை காலம் இருப்பேன்?

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல வாய் வராது, கையால் எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு மாமா என் பக்கம் திரும்பிப் படுத்ததே இல்லை. நான் அறைக்குள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அருவருத்துப் போனார் என்று எனக்குத் தெரியும். அப்படியே இருந்து, அப்படியே போய்விட்டார். கடைசியாக அவர் படுத்திருந்ததை நினைத்தால் முகம் வருவதில்லை அத்தை, முதுகுதான் வருகிறது.

சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறார் டாக்டர்.

தேவகி

*

திருத்தணி
25-3-1983

தேவகிக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம், நீயும் அப்படி இருக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு மலையில் இப்போதே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ஆந்திராப் பக்கத்திலிருந்து லாரி லாரியாக வருகிறார்கள். முழங்கால் தேவலை. இது கார்டு. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் வேறு ஒன்றும் எழுதவில்லை. வெயிலில் அலையாதே.

கௌரியம்மாள்

*

சென்னை
18-4-1983

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். எனக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

கவர் வரும் வரும் என்று பார்த்திருந்தேன். வரவில்லை. போன வாரம் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன். ஆனி மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டாக்டர் மேலே துணியைப் போர்த்தி, முதுகில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார், எங்கிருந்து எடுப்பது என்று. "தையல்காரி முதுகுலயே வெட்டு மார்க் போடறீங்களே சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸுக்கு வந்தது.

நீங்கள் வராவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. வள்ளிநாயகி லீவு போட்டுக் கூட இருக்கிறேன் என்கிறாள். வருத்தம் இல்லை என்று எழுதினேனே, அது பொய். இருந்தாலும் செய்துகொள்வேன்.

தேவகி

*

திருத்தணி
6-5-1983

என் அண்ணன் பெற்ற தங்கமே தேவகி,

நான் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதக்கூடாது என்று இருந்தேன். இனிமேல் வைத்திருக்க முடியாது.

ஊர் பேசும் என்று எழுதினேனே, அதெல்லாம் வெறும் சாக்கு. ஊரை நான் எந்தக் காலத்தில் மதித்தேன். வேறே காரணம் இருக்கிறது.

உனக்குக் கட்டி என்று டாக்டர் சொன்ன சேதி வந்த அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் சென்னையில் இருந்தீர்கள். நான் மலைக்குப் போனேன். படியடியில் பங்காரு கடை போட்டிருப்பானே, வெள்ளித் தகடு விற்கிறவன். கண் வலிக்காரர்கள் கண் அடித்த தகடு வாங்குவார்கள், கால் வலிக்காரர்கள் கால் அடித்த தகடு. உண்டியலில் போட்டால் அந்த நோவைச் சாமி எடுத்துக்கொள்வார். எனக்கு வாய் திறந்து கேட்க வெட்கம். சும்மா நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். பங்காரு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். மார்பு அடித்த தகடு. மேலே போய் உண்டியலில் போட்டேன். வாய் விட்டுச் சொன்னேன்: "முருகா, அந்த மாரை நீ எடுத்துக்கோ. அது உன்னுது. பொண்ண மட்டும் எனக்கு வுட்டுடு."

நீ பிழைத்து வந்தாய். கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், சரியாய்ப் போயிற்று என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் உன் மாமன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், "அம்மா, மெட்ராஸ்ல ஒரு டாக்டரு கீறாராம். எடுத்த மாரைத் திரும்ப வெக்கறாராம். போயி கேட்டுகினு வரேன்."

"இன்னாத்துக்குடா? நல்லாத்தானே கீறா?" என்றேன்.

"நல்லா இல்லமா. நான் பாத்துடுவேன்னு வெளக்க அணைச்சிட்டுத்தான் பொடவ மாத்தறா. அவ கூச்சப்படாம மாத்திக்கட்டும்னு நானே செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறேன். எத்தினி நாளைக்கி செவுத்தையே பாத்துகினு கெடக்கறது? அவகிட்ட சொல்லிக்காதே. டாக்டரு முடியாதுன்னுட்டா ஆசை காட்டி மோசம் பண்ணாப்புல ஆயிடும். நூலு பாக்கப் போறேன்னு சொல்லிக்கறேன்."

எனக்கு அப்போதே பயம்தான். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போகிறானே என்று. ரசம் ஊற்றினேன். சாப்பிட்டான். போனான்.

திரும்பும்போது ரயிலில் படியில் நின்றுகொண்டு வந்திருக்கிறான். மணவூர் தாண்டி விழுந்தான். மீதி உனக்குத் தெரியும்.

இப்போது புரிகிறதா? கேட்கப் போனவனையே எடுத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளப் போகிறவளை விடுவாரா? நீயும் போய்விட்டால் நான் யாருக்குச் சோறு வடிப்பேன்? வேண்டாம் தேவகி. இப்படியே இரு. குறையோடு இரு, ஆனால் இரு.

அத்தை

*

சென்னை
11-6-1983

அத்தைக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் கேட்டதும் அதைத்தானே.

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மாமா திரும்பிப் படுத்தது எனக்காக என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் நானே விளக்கை ஏற்றியிருப்பேனே. நான் கூச்சப்பட்டு விளக்கை அணைத்தேன், அவர் என் கூச்சத்துக்காகத் திரும்பினார். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் கேட்பேன். நீங்கள் சாமிக்குக் கொடுத்தது என்னுடையது. கொடுக்கும் முன்னே என்னைக் கேட்டீர்களா? மாமா எதற்குப் போனார் என்று எனக்குச் சொல்லாமல் மறைத்தீர்கள். நூல் வாங்கப் போனவர் என்று நினைத்துத்தான் நான் அழுதேன். அந்த அழுகைகூடத் தப்பாகப் போய்விட்டது.

ஆபரேஷனை நிறுத்திவிட்டேன். சாமிக்குப் பயந்து இல்லை. இதைக் கேட்கப் போய்த்தான் அவர் உயிர் போயிற்று என்றால், இதை எப்படி நான் நெஞ்சில் சுமந்துகொண்டு திரிவேன்? டாக்டரிடம் வீட்டில் சம்மதம் இல்லை என்று சொன்னேன். "மறுபடி மனசு மாறினா வாம்மா" என்றார்.

இனி அதைப் பற்றி எழுத வேண்டாம். முழங்காலுக்குத் தைலம் வள்ளிநாயகியின் ஊர்க்காரர் மூலம் அனுப்பியிருக்கிறேன்.

தேவகி

*

திருத்தணி
10-7-1983

தேவகிக்கு அத்தை,

தைலம் வந்தது. தேய்த்துக்கொண்டேன். அந்தக் காலோடுதான் முந்தாநாள் மலையடிக்குப் போனேன். எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதைக் கிழிக்காமல் முழுசாகப் படி.

நீ நிறுத்திவிட்டேன் என்று எழுதினதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைக் கேட்டீர்களா என்று கேட்டாயே, அதுதான் தார் சுற்றும்போது ராட்டையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கொடுத்ததற்குப் பதிலாக வேறே ஒன்று கொடுத்து மீட்க முடியுமா என்று. மேயப் போன மாட்டைப் பட்டியில் அடைத்தால் பணம் கட்டி மீட்பதில்லையா? அந்த மாதிரி. யாரைக் கேட்பது? பங்காருவைத்தான் கேட்டேன். ஆடிக் கிருத்திகைக்குக் கடையில் புதுத் தகடுகளைச் சரம் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வா யக்கா, இன்னா ஓணும், முட்டியா? ஜோடியா வாங்கிக்கோ, ஒண்ணு வாங்கனா இன்னொண்ணு கோச்சிக்கும்" என்றான்.

"வெளையாடாதே பங்காரு. சாமிக்குக் குடுத்த உறுப்பைத் திரும்பி வாங்க முடியுமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எந்தத் தகடு?"

நெஞ்சில் கை வைத்தேன், அன்றைக்கு மாதிரியே. மருமகளுக்கு வாங்கியது என்றேன்.

"அந்த மருமவப் பொண்ணுக்கா? அது எப்பவோ எறங்கியிருக்குமே யக்கா."

"எங்க எறங்கிச்சி?"

"உண்டியல்ல வுழற வெள்ளிய ஏலம் வுடுவாங்க இல்ல? எடுத்தவன் உருக்கி எங்கள மாதிரி ஆளுக்கு விப்பான். நாங்க மறுபடி அச்சில அடிப்போம். கண்ணா போனது காலா வரும், காலா போனது தொட்டிலா வரும். உன் மருமவ மாரு இந்நேரம் எந்தப் புள்ளைக்கித் தொட்டிலாப் போச்சோ." ஒரு சரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். "சாமி இன்னா, பீரோவுல வெச்சிப் பூட்டிகினா இருக்காரு? வாங்கறாரு, கீழ அனுப்பறாரு. அவுருகிட்ட ஒண்ணும் நிக்காது யக்கா. ஆங், நின்னா நான் எப்படிப் பொழைக்கறது?"

அவனுக்கு அது வியாபாரப் பேச்சு. நான் அங்கேயே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ எம்புள்ள எதுக்குடா போனான்?" என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. காவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பங்காருவுக்கு என்ன தெரியும்? டீ வாங்கிவந்து கையில் கொடுத்துவிட்டுச் சரம் கட்டப் போய்விட்டான்.

தேவகி, உனக்குத்தான் இதைச் சொல்ல முடியும். என் பிள்ளை சாவுக்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். கெட்ட காரணம்தான். ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. சாமி கணக்குக் கேட்டார், எடுத்துக்கொண்டார் என்று. இப்போது அதுவும் இல்லை. ரயிலில் கூட்டம், படியில் நின்றான், கை வழுக்கியது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் எடுக்கவில்லை. இதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்குப் படியில் உட்கார்ந்து அழுததுதான் நான் அவனுக்காக அழுத அழுகை. அதற்கு முன்னே அழுததெல்லாம் பயத்தில்.

உன்னைக் கேட்காமல் உன் உடம்பைக் கொடுத்தேன். அதை உனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். அவன் கேட்கப் போனது உனக்கு. அது பாதியில் நிற்கக்கூடாது. டாக்டரைப் பார். நாள் குறித்து எழுது. நான் வருகிறேன். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்து வருகிறேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு உனக்கு இறங்காது. ராத்திரி தரையில் படுக்க எனக்குப் பாய் போதும்.

உன் அத்தை

*

சென்னை
12-10-1983

அன்புள்ள அத்தைக்குத் தேவகி.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இத்தனை வாரம் பக்கத்திலேயே இருந்துவிட்டுப் போனதால், இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கீழே உங்கள் பாய் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. வார்டு நர்ஸ் இன்னும் உங்களைக் கேட்கிறாள். "அந்தப் பருப்புப் பொடி அம்மா எங்கே?" என்று.

முதுகுத் தையல் ஆறிவிட்டது. இரவில் மட்டும் இழுக்கிறது. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகுகிறேன், பல்லி மாதிரி. சீப்பு எட்டுகிறது. நேற்று நானே தலை பின்னிக்கொண்டேன். நீர் வடிய வைத்த குழாயை எடுத்த இடத்தில் தழும்பு இருக்கிறது. மார்பும் வலப்பக்கம் மாதிரி இல்லை. கொஞ்சம் மேலே இருக்கிறது, கொஞ்சம் கெட்டியாக. காம்பு இல்லை. அதைப் பிறகு செய்யலாம் என்றார் டாக்டர். போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் திறந்துகொண்டு குளித்தேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொட்டால் தெரியவில்லை அத்தை. கையால் அழுத்தினால் கைக்குத் தெரிகிறது, மார்புக்குத் தெரியவில்லை. முன்பே சொல்லித்தான் செய்தார்கள். இருந்தாலும் ரவிக்கை ஊக்கைப் போடும்போது நினைத்தேன், மாமா இருந்து, ஆசையாய் ஒரு நாள் கை வைத்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காதே என்று. சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

பழைய மூட்டையைத் தேடினேன். தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். காணவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?

உங்கள் மகளாக,
தேவகி

*

திருத்தணி
21-11-1983

மகளே தேவகி,

உடம்பு எப்படி இருக்கிறது? கனமான எதையும் தூக்காதே. மிஷின் மிதிக்கத் தை மாதம் ஆகட்டும். நான் இருக்கிறேன். குளிருக்கு முழங்கால் அதன் வேலையைச் செய்கிறது.

மூட்டை என்னிடம்தான் இருக்கிறது. என் துணிகளோடு சுருட்டி எடுத்துவந்தேன். கேட்காமல் எடுத்தேன். கேட்காமல் எடுக்கிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை பார்.

அந்த மூட்டையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. தைத்தவள்தான் நான். உள்ளே இருக்கிற நூல் உன் மாமன் தறியில் விழுந்த கழிவு. அவன்தான் மடியில் அள்ளிக்கொண்டு வந்தான். முடிச்சு விழுந்ததெல்லாம் உறுத்தும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான். பிறகு தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மெத்துனு கீதுமா, தை" என்றான். நான் கொடுத்ததாகச் சொல்லச் சொன்னான். அவனுக்கு வெட்கம். இரண்டு வருஷத்துக்கு மேல் அதைத்தான் நீ நெஞ்சோடு வைத்திருந்தாய். அப்போது அந்த இடத்தில் உனக்கு உணர்ச்சி இருந்ததே அம்மா. தழும்பில் அது உரசினதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே.

கார்த்திகை விளக்குக்கு மூட்டையைப் பிரித்தேன். சாயம் போட்ட நூல் சரியாக எரியாது. வெள்ளையை மட்டும் தனியாக எடுத்துத் திரி திரித்தேன். வாசல் முழுக்க வைத்தேன். நூலில் உன் வியர்வை ஏறியிருந்தது போல, முதலில் கொஞ்சம் படபடவென்று பொரிந்தது. பிறகு நின்று எரிந்தது. எதிர்வீட்டுக்காரி, "இன்னா கௌரி, இந்த வருசம் இவ்ளோ வெளக்கு?" என்றாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நான் ஒன்றுகூட ஏற்றவில்லை. திரி மிச்சம் இருக்கிறது. உனக்கு வைத்திருக்கிறேன்.

அழுகையையும் சந்தோஷத்தையும் பிரிக்கத் தெரியவில்லை என்று எழுதினாய். எனக்கும் தெரியாது. பிரிக்காமலே வைத்துக்கொள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி கீது அத்தை?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதினவள் நான். முதல் முதலில் பார்த்தவளும் நான்தான். நன்றாக இருந்தது தேவகி. அவன் பார்க்க வேண்டியதை நான் பார்த்தேன். அவனுக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

பொங்கலுக்கு வா. வரும்போது அளவு ரவிக்கை கொண்டு வா, புது அளவு. இங்கே நீ விளக்கை அணைக்க வேண்டாம்.

அத்தை
கௌரியம்மாள்